உன் நூலும் என் கையும்

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று ஆரம்பிக்கத்தான் வருகிறது, ஆனால் சுகம் என்று நான் சொன்னால் இனி நீ நம்பப் போவதில்லை என்றும் தெரியும். நாலு மாதமாக ஃபோனில் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்று புளுகினவள் நான். அத்தனையும் ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை மட்டும் நிஜம். என் கையில் ஒரு வியாதியும் இல்லை. நடுக்கம் இல்லை, நரம்புத் தளர்ச்சி இல்லை, உன் பெரிய மாமாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. ஆகையால் வேலையை விடுவதாக நீ எழுதி வைத்திருக்கிறாயே ஒரு கடிதம், அதை மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

முந்தாநாள் ஃபோனிலும் இதைத்தான் சொன்னேன். நான் வேலையை விடக்கூடாதுன்னு நீதான் பொய் சொல்றேம்மா என்று அழுதாய். வீடியோவில் தைத்துக் காட்டினேன், அப்பா பக்கத்துல நின்னு துணியைப் புடிச்சிருப்பாரு, கேமராவைத் திருப்பு என்றாய். போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து ரத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னிடம் இனி வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்றுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் கையெழுத்தை நன்றாகப் பார். அழகாக இராது, ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும், ஆனால் கோடு எங்கேயாவது நடுங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல். கூடவே மூன்று துண்டுத் துணி வைத்திருக்கிறேன், ஒன்று இரண்டு மூன்று என்று பென்சிலில் நம்பர் போட்டிருக்கிறேன், அவை என்ன என்று போகப்போகப் புரியும். கூரியரில் ஐந்து நாளில் கிடைத்துவிடும் என்று அந்தக் கடைப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடிதத்தில் ஒரு சௌகரியம், நடுவில் நீ குறுக்கே பேச முடியாது.

போன வருஷக் கடைசியில் நீ ஒரு நூல் பெட்டி அனுப்பினாயே, பன்னிரண்டு கண்டு, கண்ணாடி மூடி போட்டது, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். பதறாதே, உன்னைக் குற்றம் சொல்லவில்லை, முழுக்கப் படி. அந்தப் பெட்டி வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலா அது, பட்டு மாதிரி ஒரு மினுக்கு, விரலில் சுற்றி இழுத்தால் விரல்தான் அறும், நூல் அறாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், எனக்கு என் குஞ்சு அனுப்பின நூலே பொன்னாகிவிட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினேன். அதோடு விட்டேனா, இனி இந்தப் பழைய பஞ்சு நூல் எதற்கு என்று டிராயரில் இருந்த அத்தனை கண்டையும் வாரி மாடியில் குடியிருக்கிற மெத்தை தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று முதல் என் மெஷினில் உன் நூலைத் தவிர வேறு நூல் ஏறவில்லை.

அப்புறம் ஒரு மாதத்துக்குள் தையல் தப்ப ஆரம்பித்தது. நாலு தையல் ஒழுங்காக விழும், ஐந்தாவது விழாது. சில நாள் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், தோள் பக்கமும் கை பக்கமும் இஸ்திரி போட்டதுபோல் படிந்திருக்கும், மடித்து வைத்துவிட்டுப் போவேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தையல் போன வழியெல்லாம் துணி சுருக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதுதான் என்னை ரொம்பக் கலக்கியது பாப்பா. நேற்று நான் சரியாகத்தான் பார்த்தேனா, இல்லை கண்ணும் போய்விட்டதா என்று எனக்கே என் மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஊசியை மாற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், எண்ணெய் விட்டேன், கீழ்நூல் சுற்றின பாபின் இருக்கிற கேஸைக் கழற்றிப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தேன். நூலை மட்டும் சந்தேகப்படவில்லை. புது நூல், நல்ல நூல், அதிலும் நீ அனுப்பின நூல், அதைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான், எனக்கு அந்தப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று ஒரு வீம்பும் கூட.

அந்தச் சமயத்தில்தான் வக்கீலம்மாவின் கறுப்புக் கவுன் வந்தது. நம் முனைக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறாரே, பொத்தானுக்குப் பொத்தான் இடைவெளி ஒரு நூல் மாறினால் கூட ஸ்கேல் வைத்துக் காட்டுகிறவர், அவர்தான். இரண்டு தடவை பிரித்து இரண்டு தடவை தைத்தேன். இரண்டு தடவையும் மறுநாள் தோள் சுருங்கிக்கொண்டது. மூன்றாம் தடவை பிரித்தால் துணி தாங்காது என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பரவாயில்ல டெய்லரம்மா என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அந்தப் பரவாயில்லை என்னைக் கொன்றுவிட்டது.

மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்தேன், நீ நெட்டைக்கொக்கு என்று பேர் வைத்தாயே, அதே மனுஷன்தான், இன்னும் அதே சைக்கிள், இப்போதும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார். வந்து உட்கார்ந்தார், மெஷினைக் குடைந்தார், தன் பையிலிருந்து தன் நூலை எடுத்து மாட்டினார், ஒரு முழத் துணி தைத்துக் காட்டினார். ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் போயிற்று. அக்கா, மெஷின் எனக்கும் உங்களுக்கும் மூத்தது, ஆனா கல்லு மாதிரி இருக்கு, இதுல ஒரு குறையும் இல்ல என்றார். அப்படியானா எங்கே குறை என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா என்றார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பத்து நாள் கழித்து வந்தார், அப்போதும் தன் பையிலிருந்த நூலைத்தான் மாட்டினார், அப்போதும் தையல் நேராகத்தான் போயிற்று. அவர் தைத்தால் சரி, நான் தைத்தால் தப்பு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் சொல்.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய மாமா நினைப்பு வந்துவிட்டது. அவரை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, கடைசி இரண்டு வருஷம் அவர் டம்ளரைப் பிடிக்க மாட்டார், நாம்தான் வாயில் வைக்க வேண்டும். அவருக்கும் முதலில் சட்டைப் பொத்தான் போட வராமல்தான் ஆரம்பித்தது. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து என் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது, இது பொய் இல்லை. டீ எடுத்து வந்தால் சாஸரில் பாதி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டாக்டரிடம் போனோம். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா, மூணு மாசம் பாக்கலாம் என்றார். மூணு மாசம் பார்க்கலாம் என்று சொல்வது அவருக்குச் சுலபம். நான் வருகிறவர்களை எல்லாம் எதிர்க் கடைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டு, மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினேன். பதினேழு வயசிலிருந்து மிதித்த கால், காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றும். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்வார்களே, அதை நான் அட்சரம் பிசகாமல் அனுபவித்தேன்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஒரு நாள் கூட சிக்னலைத் தாண்டினதில்லை, இதில் தாண்டிவிட்டார். நான் குளிக்கப் போன நேரத்தில் உனக்கு ஃபோன் போட்டு எல்லாம் கொட்டியிருக்கிறார். நீயும் ஆய்ந்து ஓய்ந்து பார்க்காமல் வேலையை விடுகிறேன் என்று கிளம்பிவிட்டாய். நாலு வருஷம் காத்திருந்து இப்போதுதான் உன்னை அந்தப் பிரிவுக்குத் தலைவியாகப் போட்டார்கள், அதை என் ஒரு கைக்காகத் தூக்கி எறிவாயா என்று நினைக்க நினைக்க எனக்குக் கையை விட நெஞ்சு அதிகமாக நடுங்கியது.

இனி நல்ல சேதி. போன வாரம் வியாழக்கிழமை காலை அப்பா பால் வாங்கப் போயிருந்தார். தரை துடைக்கிற துணி நாலு பக்கமும் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. ஓரம் மடித்து ஒரு ஓட்டு ஓட்டிவிடலாம், தரைத்துணி தானே, கோணலாகப் போனால் தரையா கேட்கப் போகிறது என்று உறையை எடுத்தேன். மெஷினில் உன் நூல் இருந்தது. பாப்பா அனுப்பின நூலைப் போய்த் தரைத்துணிக்குப் பாழாக்குவதா என்று மனசு வரவில்லை. டிராயருக்குப் பின்னால் மெத்தைக்காரர் கண்ணுக்குத் தப்பி ஒரு மண் கலர் நூல்கண்டு பாதியாக உருண்டு கிடந்தது. அதை மேலே மாட்டி, பாபினிலும் அதையே சுற்றி, மிதித்தேன். தையல் விழுந்தது. ஒன்று விடாமல் விழுந்தது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினேன், அதுவும் நேர். நாலு பக்கமும் முடிந்தது, எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை, உள்பக்கமாக இன்னொரு சுற்று, அதற்கு உள்ளே இன்னொரு சுற்று, ஆறு சுற்று சுற்றிவிட்டேன். உலகத்திலேயே கெட்டியான தரைத்துணி இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. அதில் ஒரு மூலையை வெட்டித்தான் இரண்டாம் நம்பர் போட்டிருக்கிறேன், துவைத்தாயிற்று, பயப்படாதே. அப்புறம் உன் நூலை மறுபடி மாட்டினேன், மேலும் கீழும், தையல் தாவியது. அது ஒன்றாம் நம்பர். மண் கலரை மாட்டினேன், நேர். நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கை ஒரே கை தானே, நூலுக்கு ஒரு மாதிரியா நடுங்கும்?

அப்பா பால் பாக்கெட்டோடு உள்ளே வரும்போது நான் தரைத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தார் தெரியுமா, கை அடியோடு விழுந்துவிட்டது என்று நினைத்து அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை இல்லீங்க, நூலு, நூலு என்று நான் கத்துகிறேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் இந்தா பாரு, இனிமே எதுவானாலும் மொதல்ல தரைத்துணி தைச்சுப் பாத்துட்டு டாக்டர் கிட்ட போவோம் என்றார். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கொண்டுவந்த பாலை அவர் ஃபிரிட்ஜில் வைக்காமல் மறந்து கெடுத்தது வேறு கதை.

நெட்டைக்கொக்கை அன்று மத்தியானமே வரவழைத்தேன். அவர் பையில் கை விடப்போனார், பையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டு உன் நூலை நீட்டினேன், இதுல தைங்க பாப்போம் என்றேன். தைத்தார். நாலு விழுந்தது, ஐந்தாவது விழவில்லை. என்ன தம்பி, உங்களுக்கும் நரம்புத் தளர்ச்சியா, நம்ம டாக்டர் ஃபோன் நம்பர் வேணுமா என்று கேட்டேன். மனுஷனுக்கு அசடு வழிந்தது. கண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திடீரென்று தலையில் தானே அடித்துக்கொண்டார். விஷயம் இதுதான், உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் மெஷினில் மேலே ஒரு குச்சி நிற்கிறதே, அதில் கண்டைச் செருகினால் நூல் இழுக்க இழுக்கக் கண்டு சுற்றும். பழைய கண்டில் நூல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படிந்திருக்கும், அதற்கு அது சரி. நீ அனுப்பினதில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கிறது. அந்த மாதிரிக் கண்டு அசையாமல் நிற்க வேண்டும், நூல் அதன் தலை வழியாக மேலே போக வேண்டும். நான் குச்சியில் குத்தினதால் ஒரு இழுப்பு இறுக்கம், ஒரு இழுப்பு தளர்வு. அது போதாதென்று அந்த நூல் இழுத்தால் கொஞ்சம் நீளும். பாபினில் நான் வேகமாகச் சுற்றும்போது நீண்டுபோய் உட்காருகிறது, தைத்து முடித்தபின் மெல்ல மெல்லத் தன் பழைய அளவுக்குச் சுருங்கித் துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அதுதான் காலையில் பார்த்தால் சுருக்கம். என் கண்ணும் சரிதான், நேற்றுப் பார்த்ததும் சரிதான். நான் போற கம்பெனியில எல்லாம் கண்டு கீழே நிக்குது, நூல் மேலே போகுது, தினமும் பாக்கிறேனேக்கா, உங்க கையைப் போய்ச் சொல்லிட்டேனே என்று அவர் கண்ணே கலங்கிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான், ஆனால் வந்தது சிரிப்பு. டீ போட்டுக் கொடுத்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இப்போது உன் நூல் மெஷினுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் நிற்கிறது. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி வளைத்து அப்பா ஒரு கொக்கி நட்டிருக்கிறார், நூல் டம்ளரிலிருந்து அதன் வழியாக மேலே ஏறி வருகிறது. அதற்கு அவர் ரேடியோ ஏரியல் என்று பேர் வைத்து, வருகிறவர்களிடம் தானே கண்டுபிடித்ததாக அளக்கிறார். ஊசி மெல்லியது போட்டேன், நூலை இறுக்குகிற டென்ஷன் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். பாபின் சுற்றும்போது அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, செகண்ட் கியர்லயே போ, டாப் போடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நம்பர் துணி அப்படித் தைத்தது, உன் நூல்தான், எட்டு நாளாகச் சுருங்காமல் இருக்கிறது. நல்ல நூல் பாப்பா அது, மாட்டத் தெரியாதவள் நான்தான்.

திங்கட்கிழமை டாக்டரிடமும் போய்வந்தோம், நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நீட்டின கை மேல் ஒரு தாளை வைத்தார், தாள் அசையவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவர் நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தார். பயம்தான்மா நடுங்கியிருக்கு, கை இல்ல, போய்த் தைங்க என்று எழுதியே கொடுத்தார், அந்தச் சீட்டின் நகலும் உறையில் இருக்கிறது. அங்கிருந்து நேரே வக்கீலம்மா ஆபீஸுக்குப் போய்க் கவுனைத் திருப்பிக் கேட்டேன். அவர் அதை ஒரு நாள் கூடப் போடவில்லையாம், உள்ளே தொங்கவிட்டுப் பழைய கவுனையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார், என் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. தோள்துணியை மட்டும் புதிதாக வெட்டி உன் கறுப்பு நூலாலேயே தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஸ்கேலோடு வருவேன் என்றிருக்கிறார். வரட்டும்.

நான் அப்பாவை நிறையத் திட்டிவிட்டேன், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை ஃபோன் செய்யும்போது முதலில் அவரிடம் பேசு, நீங்க சொன்னது நல்லதுதாம்பா என்று சொல்லிவிடு, நான் கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன். நீ காலையில் சாப்பிடாமல் லேபுக்கு ஓடுவதாகக் கேள்வி, அதை நிறுத்து. தலைவியாகிவிட்டாய் என்று கீழே இருப்பவர்களை விரட்டாதே, தப்பு நடந்தால் ஆளைப் பார்க்குமுன் நூலைப் பார், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை ஃபோனில் என் வாயால் சொல்ல வராது. நீ வேலையை விட்டு வருகிறேன் என்று சொன்ன அன்று உன்மேல் கத்தினேன், உன்னை யாருடி கேட்டா என்றேன். ஃபோனை வைத்துவிட்டு உன் அறைக்குப் போய் அலமாரியில் இரண்டு தட்டு ஒழித்தேன். உன் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்தேன், என்னால் தைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே அளவெடுத்தேன். என் கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த வியாழக்கிழமை, அத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு நொடி, அப்ப பாப்பா வர மாட்டாளே என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது, எனக்கே வெட்கமாகப் போயிற்று. உன்னைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது பாப்பா. எங்களுக்கு ஒன்றும் இல்லை, கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, நீ ஓடிவர ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் வா. வேலையை விடாமல், லீவு கேட்டுப் பதினைந்து நாள் சும்மா வந்து இருந்துவிட்டுப் போ. திரை தைத்து மாட்டிவிட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு, தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு. அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, கிழித்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல், மறக்காதே. லீவுத் தேதியையும் சேர்த்துச் சொல்.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா